கனகாலம் கிடந்த பழைய கார் எஞ்சின்: கழட்டத்தான் வேணுமோ, சும்மா ஓட விடலாமோ?

யாழ்ப்பாணத்தில எந்த ஒழுங்கைக்க போனாலும் ஏதோ ஒரு வளவில ஒரு பழைய கார் கிடக்கும். ஒஸ்ரின் ஏ போர்ட்டி, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் எண்டு ஏதாவது ஒண்டு. கிடுகுக் கொட்டிலுக்க காத்துப் போன ரயரோட நிக்கும், கூரையில விறகு, சீற்றில உரப்பை, டிக்கிக்க கோழி அடை கிடக்கும். அப்பப்பான்ட கார், விக்க மாட்டம் எண்டு வீட்டுக்காரர் சொல்லுவினம், ஆனா ஓட்டவும் மாட்டினம். பேந்து கனடாவில இருந்தோ லண்டனில இருந்தோ லீவில வாற ஆரோ ஒராள் இதை ஓட வைப்பம் எண்டு வெளிக்கிடுவார், உடன ஒழுங்கையில நிக்கிற நாலு பேர் வந்து பொனற்றைத் திறந்து எட்டிப் பாத்திட்டு, ஒரு நட்டைக்கூடத் தொடாமல், "போர் போட்டுது தம்பி, ஃபுல் ஓவரோல்தான்" எண்டு, அதாவது சிலிண்டர் சுவர் தேய்ஞ்சு போச்சு, எஞ்சினை முழுக்கக் கழட்டிச் செய்ய வேணும் எண்டு, தீர்ப்பும் சொல்லிப் போடுவினம்.

அந்தத் தீர்ப்பைக் கேட்டு எஞ்சினை இறக்காதேங்கோ. கழட்ட வேணுமோ இல்லையோ எண்டதை வெளியில இருந்தே முக்கால்வாசி சோதிச்சுப் பாக்கலாம், பெரிய சாமானும் தேவையில்லை. ஸ்பானர் பிடிச்சுப் பழக்கமில்லாத ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன், பழைய மெக்கானிக்மார் இதை வாசிச்சுச் சிரிச்சாலும் பறுவாயில்லை.

முதல்ல விசாரணை

ஸ்பானரைத் தூக்க முதல் வீட்டில இருக்கிற வயசான ஆக்களிட்ட ரெண்டு கேள்வி கேளுங்கோ. ஏன் ஓடுறதை நிப்பாட்டினது? கடைசியா என்னத்தில ஓடினது?

95 ஒக்டோபர் இடம்பெயர்வில தள்ளிக்கொண்டுபோய்த் தென்மராட்சியில விட்டது, இல்லாட்டி எண்ணெய் இல்லாமல் அப்பிடியே நிப்பாட்டினது எண்டு சொன்னால் அது நல்ல செய்தி, ஏனெண்டால் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் நிண்டிருக்கு. "கொதிச்சது, பிறகு எடுக்கேல்ல" எண்டால் ஹெட் கஸ்கெற்றோ (எஞ்சின் தலைக்கும் பிளொக்குக்கும் நடுவில இருக்கிற தகடு), வெடிப்போ எண்டு நினைச்சுக்கொண்டு தொடங்குங்கோ. "கீழ டக்கு டக்கு எண்டு சத்தம் கேட்டது" எண்டு ஆரும் சொன்னால் நான் கீழ எழுதிறதில அரைவாசி உங்களுக்குத் தேவைப்படாது, பெயறிங் (கிராங் ஷாப்ட் சுழலுற இடத்தில இருக்கிற தாங்கி) பாக்கத்தான் வேணும்.

ரெண்டாவது கேள்விதான் எங்கட ஊருக்கெண்டே இருக்கிற கேள்வி. 1990ல பொருளாதாரத் தடை வந்தாப்பிறகு பெற்றோல் மருந்துக்குக்கூடக் கிடைக்காத காலத்தில இந்தக் கார் எல்லாம் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. ஒரு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்க விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறினாப்பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. அது ஏன் சரிவந்தது எண்டால் பழைய எஞ்சின்களின்ட கொம்பிறசன், அதாவது சிலிண்டருக்க காத்தை அமத்திற அளவு, குறைவு. 1947க்கும் 54க்கும் இடையில வந்த ஏ போர்ட்டி டெவன், சோமசெட்டின்ட 1200 சிசி எஞ்சினுக்கு 7.2க்கு 1தான். இப்பத்தைக் காருக்கு மண்ணெண்ணெய் விட்டால் தட்டித் தட்டியே செத்துப்போம்.

ஓடினது சரி, ஆனா உள்ளுக்க நடந்தது வேற. மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி லேசில ஆவியாகாது, எரியாமல் மிஞ்சினது சிலிண்டர் சுவரில இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு றிங்ஸை (பிஸ்ரனைச் சுத்தியிருக்கிற வளையங்கள்) தாண்டிச் சம்புக்க (எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற தொட்டி) இறங்கும். சம்புக்க ஒயில் தண்ணியாய்ப் போம், சுவர் காய்ஞ்சு தேயும். மற்றப் பக்கம் பாத்தால் கரி. பிஸ்ரன் தலையிலயும் வால்விலயும் றிங் இருக்கிற வெட்டுக்குள்ளயும் கரி இறுகிப் போய் றிங் அசையாமல் பிடிச்சிடும். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சுகொள்ளுங்கோ: தேய்ஞ்ச சுவருக்கு லேத் வேணும், பிடிச்ச றிங் சில நேரம் ஓட ஓடத் தானா விட்டுப் போம். வெளியில பாத்தால் ரெண்டுக்கும் ஒரே புகைதான்.

பற்றரியைக் கிட்டவும் கொண்டுவராதேங்கோ

வந்த ஆசையில உடன பற்றரியைப் போட்டு ஸ்ராட்டரை அடிக்கிறதுதான் நிறைய நல்ல எஞ்சினைச் சாகடிச்சது. காய்ஞ்ச சுவரில துருப்பிடிச்ச றிங் உரசினால் ஒரு சுத்திலயே கோடு விழும், வால்வ் ஒண்டு இறுகி நிண்டால் அதைத் தள்ளிற கம்பி, புஷ் றொட், வளையும்.

முதல் எயார் கிளீனரைக் கழட்டி உள்ளுக்க பாருங்கோ, சைலன்சர் வாயிலயும் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கோ. எலிக்கூடு, குளவி கட்டின மண்கூடு ரெண்டும் சர்வசாதாரணம். பொனற்றுக்க கையை விட முதல் தடியால ஒருக்காத் தட்டுங்கோ, பாம்பு இருக்கிற வளவுகள் தானே.

பிறகு டிப் ஸ்ரிக். ஒயில் குறைவா இருந்தால் பயமில்லை, அளவுக்கு மேல இருந்தால்தான் பயம். மணந்து பாருங்கோ, மண்ணெண்ணெய் மணம் வந்தால் மேல சொன்ன கதை. பால்தேத்தண்ணி நிறத்தில இருந்தால் தண்ணி கலந்திருக்கு. அடுத்து சம்ப் நட்டை மெல்லமா, முழுக்கக் கழட்டாமல், கசிய விடுங்கோ. ஒயிலை விடத் தண்ணி பாரம், அதால கனகாலம் நிண்ட எஞ்சினில தண்ணி இருந்தால் அதுதான் முதல்ல வரும். ஒரு முட்டைக்கரண்டி அளவு வந்தால் அது பனி, ஈரம் கட்டினது, விடுங்கோ. ஒரு கிளாஸ் வந்தால் கஸ்கெற்றையோ பிளொக்கையோ சந்தேகப்படுங்கோ. மிச்ச ஒயிலை ஒரு வெள்ளைத் தட்டில வடிச்சு வெயிலில பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ, பித்தளை நிறத்திலயோ வெள்ளியாவோ மினுங்கினால் அது பெயறிங்கின்ட தோல். காந்தத்தில ஒட்டுற தூள் கொஞ்சம் இருக்கிறது வழமை.

எங்கட கிணத்துத் தண்ணி

இதை வெளியூர் ஆக்கள் எழுதிற குறிப்பில காணமாட்டியள். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், கிணத்துத் தண்ணி எல்லாம் கல்லுத்தண்ணி, கேத்திலுக்க வெள்ளையாப் படியிறது எல்லாருக்கும் தெரியும். அந்தத் தண்ணியைத்தான் வருசக்கணக்கா ரேடியேற்றருக்க ஊத்தினவை. ரேடியேற்றர் குழாய் அடைபடுறது ஒண்டு, அதை விடக் கெட்டது பிளொக்கின்ட பின்பக்கம், நாலாம் சிலிண்டரைச் சுத்தி, சுண்ணாம்பும் துருவும் சேந்து கல்லா இறுகிறது.

சாவகச்சேரிப் பக்கம் ஒரு மைனர், எப்ப எடுத்தாலும் கொதிக்குது எண்டு ஓவரோலுக்கு எழுதி வைச்ச வண்டி. பின் கோர் பிளக்கை, அதுதான் பிளொக்கில வட்டமா அடிச்சு வைச்சிருக்கிற தகட்டு மூடி, அதைத் தட்டிக் கழட்டினால் தண்ணி ஒரு சொட்டும் வரேல்ல. ஓட்டை மூடினபடியே இருக்கு. ஸ்குறூட்றைவரால குத்தக் குத்தக் கபில நிறத்தில சேறும் வெள்ளைப் பொருக்கும் உதிருது, ஒரு சிரட்டை நிறைய அள்ளினாப்பிறகுதான் தண்ணி வழியத் தொடங்கினது. றிங்ஸும் நல்லம், பெயறிங்கும் நல்லம். கோர் பிளக் நாலும் புதுசு போட்டு, ரேடியேற்றரைக் கழுவி எடுத்ததோட வேலை முடிஞ்சுது.

அதால ரேடியேற்றர் மூடியைத் திறந்து உள்ளுக்க பாருங்கோ, ஒயில் மிதக்குதோ, வெள்ளை படிஞ்சிருக்கோ, கோர் பிளக் துருப்பிடிச்சு அழுது வடிஞ்ச கோடு தெரியுதோ எண்டு. கழுவினாப்பிறகு மழைத்தண்ணியோ வடிச்ச தண்ணியோ கூலன்ரோட கலந்து விடுங்கோ, திரும்பவும் கிணத்துத் தண்ணி வேண்டாம்.

கையால சுத்துறது

நாலு பிளக்கையும் கழட்டுங்கோ. எது எந்தச் சிலிண்டரின்ட பிளக் எண்டு ஒழுங்கா வரிசையில வையுங்கோ, பிளக்கின்ட முகத்தைப் பாத்தே கொஞ்சம் தெரியும்: மண்ணிறமா இருந்தால் நல்லம், ஈரமா ஒயில் பூசினபடி இருந்தால் அந்தச் சிலிண்டரை மனசில குறிச்சுக்கொள்ளுங்கோ. பிளக் ஓட்டைக்குள்ளால ஒவ்வொண்டுக்கும் ரெண்டு மேசைக்கரண்டி மெல்லிய ஒயில் விட்டு ஒரு இரவு விடுங்கோ. அடுத்தநாள் கியரை நியூட்றலில போட்டு முன்னுக்கு ஹாண்டில் போட்டு மெல்லமாச் சுத்துங்கோ. இந்த வண்டிகளில அனேகமா ஹாண்டில் ஓட்டை இருக்கும், ஹாண்டில் துலைஞ்சிருந்தால் புல்லி நட்டில றிங் ஸ்பானர் போடலாம்.

சுத்தினால் பாதிக் கவலை போச்சு. சுத்தாட்டில் பலத்தைக் காட்டாதேங்கோ. டீசலும் கியர் ஒயிலும் கலந்து நாலு ஓட்டைக்குள்ளயும் நிறைய விட்டு, நாளுக்கு ஒருக்காக் கொஞ்சம் முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டிப் பாத்துக்கொண்டு வாங்கோ. ரெண்டு மூண்டு கிழமை பொறுமையா இருங்கோ, அனேகமா விடும். நாலாம் கியரில போட்டு வண்டியை முன்னபின்ன தள்ளிறதும் ஒரு வழி, ஆனா கயிறு கட்டி லாண்ட்மாஸ்ரரால இழுக்கிற வேலை வேண்டாம், பிஸ்ரன் உடைஞ்ச கதைகள் அதாலதான் வாறது. ஒரு மாசமாகியும் அசையேல்ல எண்டால் ஹெட்டைக் கழட்டிப் பாக்க வேண்டியதுதான்.

சுத்திற எஞ்சினுக்கு அடுத்த வேலை றொக்கர் கவரைத் திறக்கிறது. ஒராள் ஹாண்டிலைச் சுத்த மற்றாள் எட்டு வால்வையும் பாக்க வேணும், எட்டும் ஏறி இறங்குதோ? ஒண்டு இறங்கினபடியே நிண்டால் அது துருவில பிடிச்சிருக்கு, வால்வ் தண்டில ஒயில் விட்டுச் சின்ன மரச் சுத்தியலால மெல்லத் தட்டினால் விடும். "மூண்டாம் சிலிண்டரில கொம்பிறசனே இல்லை, போர் போட்டுது" எண்டு சொல்லிற எஞ்சினில கனக்க நேரம் இதுதான் சங்கதி. (பழைய மைனர் 918 சிசி, ஃபோர்ட் பிறிஃபெக்ட் எல்லாம் சைட் வால்வ், அதுகளுக்கு மேல றொக்கர் இராது, வால்வைப் பாக்கப் பக்கத்து மூடியைக் கழட்ட வேணும்.)

அப்பிடியே ரப்பெற் இடைவெளியையும் (வால்வ் தண்டுக்கும் அதை அமத்திற றொக்கருக்கும் நடுவில விடுற இடைவெளி) சரி பண்ணிப் போடுங்கோ. மைனர் 803, 948, 1098 மூண்டுக்கும் 12 தௌ (ஒரு தௌ எண்டால் அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்கு), கேம்பிறிட்ஜ், ஒக்ஸ்போர்ட்டின்ட 1489 எஞ்சினுக்கு 15 தௌ. எது எப்ப எண்டு குழம்பத் தேவையில்லை, ஒன்பதுக் கணக்கு ஒண்டு இருக்கு: முன்னுக்கு இருந்து எண்ணி முதலாம் வால்வ் முழுக்கத் திறந்து நிக்கேக்க எட்டாவதைச் சரி பண்ணுங்கோ, ரெண்டு திறந்தால் ஏழு, மூண்டு திறந்தால் ஆறு, கூட்டினால் எப்பவும் ஒன்பது. இதைச் செய்யாமல் கொம்பிறசன் பாத்தால் பிரயோசனமில்லை, ரப்பெற் இறுக்கமா இருந்தால் வால்வ் மூடாது, மீற்றர் பொய் சொல்லும்.

கொம்பிறசன் ரெஸ்ற்

புது ஒயில் விட்டு, இப்பதான் பற்றரி. கவனம், அந்தக் காலத்து இங்கிலிஸ் கார் எல்லாம் பொசிற்றிவ் எர்த், பிளஸ்தான் பொடிக்குப் போகும். பிறகு ஆரும் மாத்தியும் இருக்கலாம், வயரைப் பாத்திட்டுக் குடுங்கோ. பிளக் இல்லாமலே ஸ்ராட்டரை அடிச்சு ஒயில் பிறஷர் ஏறுதோ எண்டு முதல்ல பாருங்கோ, மீற்றர் இல்லாத வண்டியில ஒயில் லைற் அணைய வேணும்.

கொம்பிறசன் கேஜ் எந்தக் கராஜிலயும் இரவல் வாங்கலாம். கொயில் வயரைக் கழட்டி விட்டு, நாலு பிளக்கும் வெளியில, அக்சிலேற்றரை முழுக்க மிதிச்சுப் பிடிச்சுக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டரையும் ஊசி நிக்கிற வரைக்கும் அடியுங்கோ, எல்லாத்துக்கும் ஒரே அளவு சுத்து. ஒரு பேப்பரில எழுதுங்கோ, ஞாபகத்தில வைக்கிறன் எண்டு சொல்லிறவையை நம்பாதேங்கோ.

இலக்கம் எவ்வளவு வர வேணும் எண்டு எல்லாரும் கேப்பினம். மைனர் 948 மாதிரி 8.3 கொம்பிறசன் எஞ்சினில 120 பிஎஸ்ஐக்கு மேல வந்தால் சந்தோசப்படலாம், 7.2 எஞ்சினில 100ஐச் சுத்தி வந்தாலே ஓடும். ஆனா நாலும் ஒத்துப் போகுதோ எண்டதுதான் முக்கியம். 95, 100, 98, 96 எண்டு வாற எஞ்சினை நான் அப்பிடியே ஓட விடுவன், 130, 125, 60, 128 எண்டு வாறதை விடமாட்டன்.

குறைவா வந்த சிலிண்டருக்க ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அடியுங்கோ. ஊசி நல்லா ஏறினால் காத்து ஒழுகிறது றிங்ஸ் பக்கத்தால, ஏறாட்டில் வால்வ் பக்கத்தால. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் ரெண்டும் சேந்து குறைஞ்சு, ஒயில் விட்டும் ஏறேல்ல எண்டால் நடுவில கஸ்கெற் போயிருக்கு. இன்னும் சந்தேகம் எண்டால் ரயர் கடைக் கொம்பிறசரைக் கொண்டுவந்து, அந்தச் சிலிண்டர் பிஸ்ரனை வால்வ் ரெண்டும் மூடின நிலையில மேல நிப்பாட்டி, வண்டியைக் கியரில போட்டு கான்ட் பிறேக்கும் இழுத்து, பிளக் ஓட்டையால காத்தைக் குடுங்கோ. சைலன்சரில சீறினால் எக்சோஸ்ற் வால்வ், காபரேற்றரில சீறினால் இன்லெற் வால்வ், ஒயில் ஊத்திற வாயில சீறினால் றிங்ஸ், ரேடியேற்றரில குமிழி வந்தால் கஸ்கெற் இல்லாட்டி வெடிப்பு. புகையைப் பாத்துச் சண்டை பிடிக்கிறதை விட இது எவ்வளவோ மேல்.

ஓட விட்டுப் பாக்கிறது

பழைய ராங்கைத் தொடாதேங்கோ, அதுக்க இருக்கிறது துருவும் பிசினும். புதுப் பெற்றோலை ஒரு கானில எடுத்துத் தனி ரியூப்பால காபரேற்றருக்குக் குடுங்கோ, அதையும் முதல்ல கழுவியிருக்க வேணும். டிஸ்ரிபியூற்றருக்க இருக்கிற பொயின்ற்றை மெல்லிய மண்பேப்பரால துடைச்சு 15 தௌ வையுங்கோ, பிளக் 25. பயர் எக்ஸ்ரிங்குயிஷர் இல்லாட்டி ஒரு வாளி மண்ணாவது பக்கத்தில இருக்கட்டும்.

ஸ்ராட் ஆனதும் முதல் அஞ்சு நிமிசப் புகையைப் பாத்து ஒண்டும் முடிவெடுக்காதேங்கோ, நாங்கள் ஊத்தின ஒயில் எரிஞ்சு முடிய ஒழுங்கை முழுக்க நீலமாத்தான் இருக்கும், அயலட்டை வந்து எட்டிப் பாக்கும். நல்லா சூடேறினாப்பிறகு பாருங்கோ. மிதிக்க மிதிக்க நீலப்புகை கூடினால் றிங்ஸ். காலை எடுத்து ஓட விட்டிட்டுத் திரும்ப மிதிக்கேக்க மட்டும் ஒரு குப் எண்டு வந்தால் வால்வ் கைட் (வால்வ் தண்டு ஏறி இறங்கிற குழல்), அதுக்கு ஹெட் வேலை காணும். கறுப்பு எண்டால் பெற்றோல் கூட, காபரேற்றரைப் பாருங்கோ. விடாமல் வெள்ளையா வந்து ரேடியேற்றரும் குறைஞ்சால் தண்ணி எரியுது.

சத்தத்துக்கு ஒரு நீளமான ஸ்குறூட்றைவரைக் காதில வைச்சுப் பிளொக்கில பிடியுங்கோ. மேல டிக் டிக் எண்டால் ரப்பெற். குளிரில தட்டிச் சூட்டில குறைஞ்சால் பிஸ்ரன், கனகாலம் ஓடும். கீழ இருந்து கனமா டொக் டொக் எண்டு வந்து, அந்தச் சிலிண்டரின்ட பிளக் வயரைக் கழட்டினதும் சத்தம் அடங்கினால் அது பிக் எண்ட் பெயறிங், உடன நிப்பாட்டுங்கோ. இன்னும் ரெண்டு கிலோமீற்றர் ஓடிப் பாப்பம் எண்டு ஓடினால் பெயறிங்கோட போற வேலை கிராங் ஷாப்ட்டுக்குப் போம். ஒயில் பிறஷர் சூட்டில ஓட்டத்தில மைனருக்கு 60 பிஎஸ்ஐ கிட்ட வர வேணும், 40 வந்தாலும் நான் ஏற்றுக்கொள்ளுவன், சும்மா நிக்கேக்க 15க்குக் கீழ போய் லைற் மினுங்கினால் பெயறிங், பம்ப், றிலீஃப் வால்வ் (கூடின ஒயில் பிறஷரை விட்டுவிடுற வால்வ்) மூண்டையும் பாக்க வேணும். முதல்ல றிலீஃப் வால்வ், அது மலிவு.

இனி முடிவு

பிறஷர் நல்லம், சத்தம் இல்லை, கொம்பிறசன் கொஞ்சம் குறைவெண்டாலும் ஒத்து நிக்குது, புகை கொஞ்சம் இருக்கு: கழட்ட வேண்டாம். ஒயிலை ரெண்டு தரம் கிட்டக்கிட்ட மாத்தி, ஒரு ஐந்நூறு கிலோமீற்றர் ஓடிப்போட்டுத் திரும்பக் கொம்பிறசன் பாருங்கோ. கரியில பிடிச்ச றிங் விட்டிருந்தால் இலக்கமே சொல்லும்.

வால்வ் பக்கம் ஒழுக்கு, கீழ சுகம் எண்டால் ஹெட் மட்டும். வால்வ் கிறைண்ட் பண்ணேக்க எக்சோஸ்ற் சீற்றுக்கு இறுகின வளையம் போடச் சொல்லுங்கோ, இந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்குச் செய்தவை, இப்பத்தைப் பெற்றோலில மெல்லிய சீற் தேய்ஞ்சு உள்ள இறங்கும். ஹெட் வெளியில இருக்கேக்க சிலிண்டர் வாயில, மேல் விளிம்பில இருந்து கொஞ்சம் கீழ, நகத்தால இழுத்துப் பாருங்கோ. நகம் படியில தட்டுப்பட்டு நிண்டால் சுவர் தேய்ஞ்சு போச்சு, பளபளப்பா ஓடிப்போனால் விடுங்கோ. மண்ணெண்ணெயில கனகாலம் ஓடின வண்டியில அந்தப் படி சில நேரம் கண்ணுக்கே தெரியும்.

றிங்ஸ் பக்கம் ஒழுக்கும் படியும் இருந்தால், இல்லாட்டிக் கீழ சத்தம் இருந்தால், இனித் தயங்காமல் இறக்குங்கோ. படி விழுந்த போருக்குப் புது றிங்ஸ் மட்டும் போட்டுத் தாறன் எண்டு ஆரும் மலிவாச் சொன்னால் வேண்டாம், மேல் றிங் அந்தப் படியில அடிபட்டு உடையும், வட்டமில்லாத சுவரில புது றிங் ஒட்டவும் மாட்டுது.

இறக்க முதல் எஞ்சின் நம்பரைக் கார்ப் புத்தகத்தில இருக்கிற நம்பரோட ஒப்பிட்டுப் பாருங்கோ, இடையில எஞ்சின் மாறின வண்டிகள் இருக்கு, 948 எண்டு நினைச்சு 803க்குச் சாமான் வாங்கக்கூடாது. கேம்பிறிட்ஜ், ஒக்ஸ்போர்ட் வைச்சிருக்கிறவைக்கு ஒரு வசதி, இந்திய அம்பாசடரின்ட பழைய பெற்றோல் எஞ்சினும் அதே 1489 சிசி பரம்பரைதான், அதால அந்தப் பக்கமும் விசாரிக்கலாம். மைனருக்கு இங்கிலாந்தில இண்டைக்கும் புதுச் சாமான் செய்யினம், வெளியில இருக்கிற சொந்தக்காரர் லீவில வரேக்க பெட்டிக்க றிங்ஸும் பெயறிங்கும் பாரமில்லை. ஏ போர்ட்டிக்குத்தான் கொஞ்சம் அலைய வேணும், கொழும்பில பழைய சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில தேடிப் பாருங்கோ.

லேத்துக்குக் குடுக்கிற ஒழுங்கையும் சொல்லிப்போடுறன். முதல்ல போரை மேல, நடு, கீழ எண்டு மூண்டு இடத்திலயும் குறுக்கும் நெடுக்குமா அளந்து, ஏற்கனவே எத்தினை ஓவர்சைஸ் (போரை எத்தினை தௌ பெருப்பிச்சது) போயிருக்கு எண்டு பிஸ்ரன் தலையில அடிச்சிருக்கிற 20, 30, 40 எண்ட இலக்கத்தைப் பாத்துக் கேளுங்கோ, 40 எண்டு இருந்தால் அனேகமா ஸ்லீவ்தான் (போருக்குள்ள புதுக் குழல்) அடிக்க வேண்டி வரும். அளவு தெரிஞ்சதும் பிஸ்ரனைத் தேடி வாங்குங்கோ. பிஸ்ரன் கையில வராமல் போர் அடிக்க விடாதேங்கோ, 30க்கு அடிச்சு வைச்சிட்டு 40 பிஸ்ரன் மட்டும்தான் கிடைச்சுது எண்டால் இன்னொருக்கா அடிக்கலாம், மற்றமாதிரி நடந்தால் பிளொக்கைச் சும்மா பாத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.